பல் போனால் சொல் மட்டுமா போகும்? ஏற்காடு மலை முதியோருக்கு எட்டாத ‘பல் செட்’

வயதானவர் இருக்கும் வீட்டைத் திண்ணையிலிருந்து வரும் ‘டொக்... டொக்...’ சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கைக்கு அடக்கமான இரும்பு உரல். அதற்குள் வெற்றிலை, பாக்கு, கொஞ்சம் சுண்ணாம்பு, ஒரு கிள்ளு புகையிலை. பல் இருந்தவரை வாய் செய்துவந்த வேலையை இப்போது அந்த உரல் செய்கிறது. பல்லைக் கொண்டுபோனதில் புகையிலைக்கும் பங்கு உண்டு. ஆனாலும் பல் போன பிறகு அந்தப் பழக்கம் நின்றுவிடாமல் இருக்க மனிதன் ஒரு கருவி கண்டுபிடித்துவிட்டான். சோற்றுக்கும் கறிக்கும் நிலக்கடலைக்கும் அப்படியொரு உரல் இல்லை.

“வயசானா பல்லு விழத்தானே செய்யும்” என்பது ஊரில் எல்லோருக்கும் பழகிப்போன சொல். முடி நரைப்பது, தோல் சுருங்குவது மாதிரி பல் விழுவதும் இயற்கை என்று அதை அப்படியே விட்டுவிடுகிறோம். உண்மையில் முதுமையில் பல் விழுவதற்குக் காரணம் வயது அல்ல, நோய். அந்த நோயைத் தடுக்கலாம். தடுக்க முடியாமல் பல் போனால் செயற்கைப் பல் கட்டலாம். நகரத்தில் இருப்பவர்களுக்கு இது சாதாரண விஷயம். சேர்வராயன் மலை மாதிரியான இடங்களில் அதற்கு எத்தனை முறை மலை இறங்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

வயது காரணம் இல்லை என்றால் வேறென்ன?

மனித உடலில் மிகக் கடினமான பொருள் பல்லின் மேல்பூச்சான எனாமல்தான். அகழாய்வில் எலும்பு மட்கிப்போன இடத்தில்கூடப் பல் கிடைக்கிறது. செத்த பிறகு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தாங்கும் பொருள், உயிரோடு இருக்கும் ஆளின் வாயில் 60 வருடம் தாங்காமல் போவதற்கு இரண்டு பெரிய காரணங்கள்: சொத்தை, ஈறு நோய்.

சொத்தை வலிக்கும். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது, அதனால்தான் அது ஆபத்தானது. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் கிருமிப் படலம் படிகிறது. தினமும் தேய்த்து எடுக்காவிட்டால் அது இறுகிக் காரையாகிறது. காரைக்கு அடியில் ஈறு வீங்குகிறது, தேய்க்கும்போது ரத்தம் கசிகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கீழே இறங்குகிறது. செடி நன்றாகத்தான் இருக்கிறது, அதைச் சுற்றியிருந்த மண் போய்விட்டது என்பது மாதிரி. கடைசியில் சொத்தையே இல்லாத பல்கூட ஆட ஆரம்பிக்கிறது. அதை ஒரு நாள் நூல் கட்டி இழுத்தோ, விரலால் ஆட்டியோ எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பல் பிடுங்கப்பட்டது அன்றைக்கு என்றாலும், அது விழ ஆரம்பித்தது 20 வருடத்துக்கு முன்பு.

இதில் புகையிலையின் வேலை இரண்டு விதம். பீடி, சிகரெட் புகைப்பவர்களுக்கு நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் ஈறில் ரத்தம் கசிவது குறைகிறது. நோய் இருக்கிறது, அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் இல்லை. மெல்லுகிறவர்களுக்கு, புகையிலையை எந்தக் கன்னத்தில் அடக்கிவைக்கிறார்களோ அங்கே ஈறு கீழே இறங்கி வேர் வெளியே தெரிகிறது. 2016-17இல் நடந்த இரண்டாவது உலகளாவிய வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதைத் தாண்டியவர்களில் 20 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவத்தில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். அதில் பாதிக்குப் பாதி, மெல்லும் வகையறா. மூக்குப்பொடியை ஈறில் தேய்க்கும் பழக்கமும் வயதான பெண்களிடம் உண்டு. பல் வலி அடங்கும் என்று ஆரம்பித்து விட முடியாமல் போனதாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

செங்கல் தூள், சாம்பல், கரித்தூள், உப்பு என்று எதைக் கொண்டு தேய்த்தாலும் பல் வெள்ளையாகத்தான் தெரியும். பரபரப்பான தூள் எனாமலைச் சேர்த்து உரசி எடுப்பதால் வரும் வெள்ளை அது. ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் வயதில் இது இன்னும் மோசம். வேருக்கு எனாமல் பாதுகாப்பு கிடையாது, சீக்கிரம் தேயும், சீக்கிரம் சொத்தையாகும். முதியவர்களுக்கு வரும் சொத்தை பலநேரம் பல்லின் தலையில் இல்லாமல் ஈறை ஒட்டிய கழுத்தில் வருவது இதனால்தான்.

உலக சுகாதார அமைப்பு 2022இல் வெளியிட்ட வாய்நல அறிக்கையின்படி, உலகம் முழுவதும் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 23 சதவீதம் பேருக்கு வாயில் ஒரு பல்கூட இல்லை. ‘அப்படியென்றால் வயதுதானே காரணம்?’ என்று கேட்கலாம். ஜப்பானைப் பார்த்தால் இல்லை என்பது தெரியும். அங்கே 1989இல் ‘8020’ என்ற இயக்கத்தை ஆரம்பித்தார்கள்: 80 வயதில் 20 சொந்தப் பல். அப்போது அந்த வயதில் 20 பல் வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2016இல் எடுத்த கணக்கில் பாதிப் பேருக்கு மேல் அந்த இலக்கைத் தொட்டிருந்தார்கள். 80 என்ற வயது மாறவில்லை, அந்த வயதில் இருப்பவர்களின் வாய் மாறிவிட்டது.

மாத்திரை டப்பாவுக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம்?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மலைக்கிராமத்து முதியவருக்கு இது பெரிய உதவி. ஆனால் அந்த இரண்டு நோய்க்கும் வாய்க்கும் இருக்கும் உறவை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்றால் ஈறு நோய் வேகமாகும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது கஷ்டமாகும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்றால், வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வீட்டில் யாருக்கும் வருவதில்லை.

பிரஷருக்குப் பரவலாக எழுதப்படும் அம்லோடிபின் மாத்திரை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். பல்லின் மேல் ஈறு ஏறி மூடுகிற மாதிரி வளரும், சுத்தம் செய்யவே முடியாது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயினும் இதைச் செய்யும். வேறு சில மாத்திரைகள், குறிப்பாக அலர்ஜிக்கும் மன அழுத்தத்துக்கும் கொடுப்பவை, எச்சிலைக் குறைத்துவிடும். எச்சில்தான் வாயின் இயற்கையான தண்ணீர்க் குழாய். அது வற்றினால் சொத்தை பரவும். இதற்காக மாத்திரையை யாரும் தானாக நிறுத்தக் கூடாது. ஈறு தடித்திருக்கிறது, வாய் காய்கிறது என்று அடுத்த முறை டாக்டரிடம் சொன்னால் அவர் மாற்று மாத்திரை எழுதுவார். சொன்னால்தான் எழுதுவார்.

பிடுங்க ஒரு நாள், கட்ட எத்தனை நாள்?

மலையின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர், கொட்டச்சேடு வழியாக இன்னொரு பாதையும் உண்டு. சுற்றுலா வருபவர்களுக்கு ஏரி, படகு, மே மாத மலர்க் கண்காட்சி என்று ஏற்காடு ஒரு சிறிய ஊர். உண்மையில் அது நாகலூர், வெள்ளக்கடை, வாழவந்தி, செம்மநத்தம், மாரமங்கலம் என்று மலையெங்கும் சிதறிக்கிடக்கும் கிராமங்களின் தலையூர். இங்கே வாழ்பவர்களில் பெரும்பகுதி மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லும் தமிழ் பேசும் மக்கள். காபித் தோட்டத்தில் கூலி வேலை, சொந்தக் காட்டில் சாமை, ராகி, மிளகு, ஆரஞ்சு, பலா என்று பிழைப்பு.

இப்படி ஒரு கிராமத்தில் இருக்கும் 70 வயதுப் பாட்டி ஒருவரை நினைத்துக்கொள்வோம். மேல் தாடையில் இரண்டு, கீழ்த் தாடையில் நாலு பல் மிச்சம், எல்லாமே ஆட்டம். ஒரு நாள் முகம் வீங்கிவிடுகிறது. மகன் பஸ் ஏற்றிக் கூட்டிவருகிறார். ஊசி போட்டு, மரக்க வைத்துப் பல்லை எடுத்துவிடுகிறார்கள். வலி போய்விட்டது, ஒரே நாளில் வேலை முடிந்தது.

இனி பல் செட் கட்ட வேண்டும் என்றால்? மிச்சப் பற்களையும் எடுத்த பிறகு ஈறும் எலும்பும் ஆறுவதற்குப் பொதுவாக இரண்டு, மூன்று மாதம் விடுவார்கள். அதற்குப் பிறகு ஐந்து கட்டம். முதல் நாள் தாடையின் மேலோட்டமான அளவு எடுப்பார்கள். அடுத்த முறை, அந்த அளவில் செய்த தட்டை வைத்துத் துல்லியமான அளவு. மூன்றாவது முறை, மேல் தாடையும் கீழ்த் தாடையும் எந்த உயரத்தில், எந்த இடத்தில் சந்திக்கின்றன என்று மெழுகுக் கட்டையைக் கடிக்க வைத்துக் குறிப்பார்கள். நாலாவது முறை, மெழுகில் பல்லை அடுக்கி வாயில் வைத்துப் பார்ப்பார்கள். பேசச் சொல்லுவார்கள், சிரிக்கச் சொல்லுவார்கள். ஐந்தாவது முறைதான் செட் கைக்கு வரும். அதோடும் முடியாது. புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி புதுச் செட்டும் கடிக்கும். புண் வந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய இன்னும் இரண்டு முறையாவது போக வேண்டும்.

பல் எடுத்ததையும் சேர்த்தால் குறைந்தது எட்டு முறை. ஏற்காடு வழியாகப் போய்வந்தால் ஒரு முறைக்கு 40 வளைவு. எட்டு முறைக்கு 320 வளைவு. வளைவில் வாந்தி எடுக்கும் பாட்டிக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று மலைப்பாதையில் பஸ்ஸில் வந்த எல்லோருக்கும் தெரியும். தனியாக அனுப்ப முடியாது; ஒவ்வொரு முறையும் மகனுக்கோ மகளுக்கோ ஒரு நாள் கூலி போகும். காபி பறிக்கும் பருவம் என்றால் கூப்பிடவே பாட்டிக்கு மனசு வராது. மழைக்காலத்தில் பாதையையும் நம்ப முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மூன்றாவது கட்டத்தோடு நின்றுபோன செட் அளவுகள் எத்தனை ஆய்வகங்களின் அலமாரியில் கிடக்கும் என்பது அந்தந்தப் பல் மருத்துவருக்குத்தான் தெரியும்.

அதனால்தான் பிடுங்குவது மட்டும் நடக்கிறது, கட்டுவது நடப்பதில்லை. இதில் பாட்டியின் அலட்சியமோ டாக்டரின் அலட்சியமோ இல்லை. ஒரு நாளில் முடியும் சிகிச்சையும் எட்டு நாள் கேட்கும் சிகிச்சையும் போட்டி போட்டால், மலையில் எது ஜெயிக்கும் என்பது முன்பே முடிவான விஷயம்.

இதற்கு நடுவே ஒரு பழைய பயம் வேறு. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று போகாது. பல் விழும் வயதும் கண்ணில் புரை வரும் வயதும் ஒன்றாக இருப்பதால் ஏற்பட்ட முடிச்சு இது. ஆனால் இந்தப் பயத்தால் சீழ் பிடித்த பல்லை வைத்துக்கொண்டு முகம் வீங்கும்வரை காத்திருப்பவர்கள்தான் நிஜமான ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

தட்டில் எது குறைகிறது?

‘பல் போனால் சொல் போச்சு’ என்ற பழமொழியில் அறிவியல் இருக்கிறது. த, ந போன்ற எழுத்துகளைச் சொல்ல நாக்கின் நுனி மேல்வரிசைப் பல்லின் பின்பக்கத்தைத் தொட வேண்டும். தொட ஒன்றும் இல்லை என்றால் ‘தம்பி’ என்று கூப்பிடுவதே குழறும். பேரன் பேத்தி “என்ன ஆயா சொல்ற?” என்று இரண்டு முறை கேட்டால், மூன்றாவது முறை ஆயா பேசவே மாட்டார். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காராமல் “அப்புறம் சாப்பிட்டுக்கறேன்” என்று ஒதுங்கும் பெரியவர்கள் எத்தனை பேர், அதில் பசி இல்லாதவர் எத்தனை பேர் என்று யாரும் பார்ப்பதில்லை.

சொல்லைவிடப் பெரிய இழப்பு சோற்றில். ஒரு வகையில் சேலம், தர்மபுரிப் பக்கத்துச் சாப்பாடு பல் போனவர்களுக்கு இரக்கம் காட்டும் சாப்பாடு. ராகிக் களியை மெல்ல மாட்டார்கள். குழம்பில் தொட்டு அப்படியே விழுங்குவார்கள். அதனால் வயிறு காய்வதில்லை. ஆனால் களியோடு கூட வந்த மற்றவை ஒவ்வொன்றாகக் கழிகின்றன. முதலில் நிலக்கடலை, முறுக்கு. பிறகு கொய்யா. பிறகு அவரைக்கொட்டை, கீரைத் தண்டு. கடைசியில் கறி, “எலும்பில்லாம நாலு துண்டு போடு” என்பது “குழம்பு மட்டும் ஊத்து” என்று ஆகிவிடும். அந்த இடத்தில் வருபவை டீயில் நனைத்த பன், பிஸ்கட், ரசம் விட்டுக் குழைத்த ரேஷன் அரிசிச் சோறு. புரதமும் நாரும் குறைகின்றன, மாவும் சர்க்கரையும் கூடுகின்றன. சர்க்கரை நோய் இருப்பவருக்கு இதைவிடத் தவறான சாப்பாடு வேண்டியதில்லை. தசை கரைகிறது, மலச்சிக்கல் வருகிறது, கைகால் தளர்கிறது. மேடும் பள்ளமுமான மலைப்பாதையில் கால் தளர்ந்தால் விழுவதற்கு நேரம் ஆகாது.

செட் கட்டும்வரை என்ன செய்வது என்பதற்குப் பெரிய வைத்தியம் தேவையில்லை. அதே வெற்றிலை உரலின் தம்பி வீட்டில் இருக்கும்: அம்மி, மிக்ஸி. கடலையை வறுத்துப் பொடித்துச் சோற்றில் பிசையலாம். கீரையைக் கடையலாம். பருப்பைக் குழைய வேகவைக்கலாம். முட்டையை அவிப்பதற்குப் பதில் பொரியலாகக் கிண்டிக் கொடுக்கலாம். கறியைக் கொத்தி வேகவைக்கலாம். வீட்டில் சமைப்பவர் ஒரு கரண்டி தனியாக எடுத்து வைத்தால் முடியும் வேலை.

செட் கட்டிவிட்டால் எல்லாம் சரியா?

இல்லை. இதை முன்னாலேயே சொல்லாததால்தான் பல செட்டுகள் டம்ளரிலும் பீரோவிலும் கிடக்கின்றன.

முழு செட்டால் கடிக்கும் பலம் சொந்தப் பல்லின் பலத்தில் ஒரு சிறு பங்குதான். மேல் செட் அண்ணத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கீழ் செட்டுக்கு அந்த வசதி இல்லை. நாக்கு ஒவ்வொரு அசைவிலும் அதைத் தூக்கிவிடும். நாக்கும் கன்னமும் பழகச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே கறி கடித்துப் பார்த்து “இது சரிப்படாது” என்று கழற்றி வைப்பவர்கள்தான் அதிகம். இட்லி, பழம், குழைந்த சோறு என்று ஆரம்பித்து, சின்னத் துண்டாக, இரண்டு பக்கமும் சமமாக மெல்லப் பழக வேண்டும்.

பல் இல்லாத தாடை எலும்பு கரைந்துகொண்டே இருக்கும், கீழ்த் தாடையில் வேகமாக. அதனால் இன்று கச்சிதமாக உட்காரும் செட் சில வருடத்தில் ஆடும். பழைய செட்டை அடிமட்டம் நிரப்பியோ புதிதாகச் செய்தோதான் தீர வேண்டும். ஒரு முறை கட்டினால் ஆயுசுக்கும் போதும் என்பது நடக்காது.

ராத்திரி கழற்றி, கழுவி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் அக்ரிலிக் வளைந்துவிடும்; பற்பசையைவிட சோப்பும் மெல்லிய பிரஷும் நல்லது. போட்டபடியே தூங்குபவர்களுக்கு அண்ணத்தில் பூஞ்சை படர்ந்து சிவந்து எரியும். ஜப்பானில் 85 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. செட்டோடு தூங்குபவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அது சொல்கிறது. ராத்திரியில் செட்டில் பெருகும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்குவதே காரணமாகக் கருதப்படுகிறது.

பல்லே இல்லாதவருக்குப் பல் டாக்டர் எதற்கு என்று தோன்றலாம். புகையிலை போட்டவரின் வாயில் வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம் இவற்றைப் பார்க்கத்தான். வாய்ப் புற்றுநோய் பல்லை எண்ணிப் பார்த்து வருவதில்லை.

யார் தருவார்கள்?

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தனியார் கிளினிக்கில் முழு செட்டுக்குப் பல ஆயிரம் ஆகும். மாதக்கணக்கில் உதவித்தொகையை அப்படியே சேர்த்து வைத்தால்தான் கட்டுப்படியாகும். மருத்துவக் காப்பீடு உதவும் என்று நினைத்தால் அங்கும் ஏமாற்றம். 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானது. செட் கட்ட யாரும் ஆஸ்பத்திரியில் படுப்பதில்லை.

மலிவான வழி, மருத்துவக் கல்லூரிகள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1953இல் தொடங்கியது. சேலத்துக்காரர்களுக்கு மூன்றுமே தூரம். சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் இருப்பவை தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள். இவற்றில் மாணவர்கள் பயிற்சிக்காகச் செட் செய்துதர வேண்டியிருப்பதால் கட்டணம் வெளியே இருப்பதைவிடக் குறைவாக இருக்கும். நேரம் மட்டும் கூடுதலாக ஆகும். ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் மாணவர் அடுத்ததற்குப் போவார். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பல் மருத்துவப் பிரிவு உண்டு.

மத்திய அரசின் ‘ராஷ்ட்ரிய வயோஸ்ரீ’ திட்டம் 2017 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் நெல்லூரில் தொடங்கப்பட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்குக் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றோடு செயற்கைப் பல்லும் இலவசமாகத் தரும் திட்டம் இது. பட்டியலில் பல் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆனால் கைத்தடியை முகாமில் உயரம் பார்த்துக் கையில் கொடுத்துவிடலாம். பல்லை அப்படிக் கொடுக்க முடியாது. ஒருவருக்கு அளவெடுத்தது இன்னொருவருக்குப் பொருந்தாது, ஒரே நாளிலும் முடியாது. கைத்தடிக்காக வகுத்த முகாம் முறைக்குள் பல்லைத் திணித்ததுதான் இதில் உள்ள சிக்கல்.

பக்கத்து மாநிலங்கள் இதைத் தனியாகவே எடுத்துச் செய்தன. கர்நாடகத்தின் ‘தந்த பாக்ய’ திட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்குப் பல் மருத்துவக் கல்லூரிகள் வழியாக இலவசச் செட். கேரளத்தின் சமூகநீதித் துறை ‘மந்தஹாசம்’ என்று அழகாகப் பெயர் வைத்து, 60 வயதைத் தாண்டிய ஏழைகளுக்கு செட் செலவுக்கான தொகையைத் தருகிறது. புன்னகை என்று பொருள். கல்லூரிகள் நிறைந்த தமிழ்நாட்டில் இதைச் செய்வது கடினமான காரியம் அல்ல.

டாக்டர் மலையேறினால்?

எட்டுப் பயணத்தில் பாட்டி இறங்கியே ஆக வேண்டியவை எத்தனை என்று பிரித்துப் பார்த்தால் வேறு கணக்கு வருகிறது. அளவெடுப்பது, கடி குறிப்பது, மெழுகுப் பல்லை வைத்துப் பார்ப்பது, செட்டைக் கொடுப்பது, புண் வந்த இடத்தைத் தேய்ப்பது இவை எதற்கும் பெரிய எந்திரம் வேண்டாம். நாற்காலி, நல்ல வெளிச்சம், ஒரு பெட்டிச் சாமான் போதும். இறங்க வேண்டியது வாயின் அச்சு மட்டும்தான். ஆய்வகம் கீழே சேலத்தில் இருக்கட்டும். வாரத்தில் ஒரு குறித்த நாளில் பல் மருத்துவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து, அதே 15 பேருக்கு ஐந்து வாரமும் தொடர்ந்து பார்த்தால் 15 செட் முடியும். இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர் என்று சுற்றும் ஒருநாள் முகாமில் இது நடக்காது. முகாமில் ‘பரிசோதனை செய்யப்பட்டவர்கள்’ என்ற எண்ணிக்கை பெரிதாக வரும், செட் வராது.

சொந்தப் பல் மிச்சம் இருப்பவர்களுக்கும் மலையிலேயே செய்யக்கூடியது உண்டு. வெள்ளி டயமைன் ஃபுளோரைடு என்ற மருந்தை ஒரு சொட்டு, சொத்தையின் மேல் தடவினால் அது அங்கேயே நின்றுவிடும். ஊசி இல்லை, டிரில் இல்லை, கரண்ட் வேண்டாம். தடவிய இடம் கறுப்பாகும், அது ஒன்றுதான் குறை; கடைவாய்ப் பல்லில் கறுப்பைப் பற்றி 70 வயதில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். உலக சுகாதார அமைப்பு 2021இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஃபுளோரைடு பற்பசையும், டிரில் இல்லாமல் கையாலேயே சுரண்டி அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டும் அதே பட்டியலில் இருக்கின்றன.

மாத்திரை கொடுக்க வீடு தேடி வரும் பணியாளர் பிரஷர் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார். “வாயைத் திறங்க ஆயா” என்று டார்ச் அடித்துப் பார்க்க இன்னும் ஒரு நிமிடம் ஆகும்.

அதுவரை, செட் கட்டக் கிளம்புபவர்களுக்குச் சில விஷயங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரையையும் சீட்டோடு எடுத்துப் போக வேண்டும். இதயத்துக்கு ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவர் பல் எடுப்பதற்காக அதைத் தானே நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் போதும். சர்க்கரை இருப்பவர் வெறும் வயிற்றில் போகக் கூடாது. பழைய செட் இருந்தால், உடைந்திருந்தாலும் கையோடு கொண்டு போவது நல்லது. புதிதாகச் செய்பவருக்கு அது பாதி அளவு எடுத்த மாதிரி. முதல் நாளே “நாங்க மலையிலருந்து வர்றோம், எத்தனை தடவை வரணும், ரெண்டு வேலையை ஒரே நாள்ல முடிக்க முடியுமா?” என்று கேட்டுவிட வேண்டும். காலையில் முதல் ஆளாகப் போனால் இரண்டு கட்டத்தை ஒரே நாளில் முடித்துத் தரும் இடங்கள் இருக்கின்றன.